பின்கட்டு அறைக்கு இரண்டாம் பூச்சு

தூத்துக்குடி
10.2.1974

அன்புள்ள அக்கா,

உன்னிடம் கேட்காமல் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் வீட்டில் கடிதம் என்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தபால்காரர் வாசலில் நின்றாலே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். இதைப் பிரிக்கும்போது நீயும் பயந்துவிடாதே. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். உனக்குப் பசி எடுக்கிறதா, இருமல் குறைந்திருக்கிறதா என்று எழுது.

நீ அந்தக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. பி.ஏ. படித்தவள், சொந்த அக்காவுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, ஜூன் மாதம் உன்னை அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஈரமில்லாத, காற்றும் வெளிச்சமும் உள்ள தனி அறை வேண்டுமாம். சொல்லிவிட்டு வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்ல அப்படி ரூம் எங்கன இருக்கு?" என்றாள் அம்மா.

பின்கட்டில் இருக்கிறதே. விறகும் சாக்கும் போட்டுவைத்திருக்கிறோமே, அந்த அறை. நேற்று அதைக் காலி செய்து பார்த்தேன். கடல் பாறையில் கட்டிய சுவர் முழுக்கப் பூச்சு விட்டுப்போய், தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. மூலையில் மேல்தளப் பூச்சு விழுந்து பனங்கைச் சட்டம் தெரிகிறது. ஜன்னலை யாரோ பலகை வைத்து அறைந்துவிட்டிருக்கிறார்கள். கொத்தனார் கேட்கிற கூலி நம்மால் முடியாது. நானே செய்யலாம் என்றிருக்கிறேன். "சும்மா இருக்கதுக்கு அது தேவலை. செய்யட்டும்" என்றார் அப்பா.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
ம. அருணாசலவடிவு

(முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதியே கை பழகிவிட்டது.)

*

பெண்கள் வார்டு
3.3.1974

அன்புத் தங்கச்சி வடிவுக்கு அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். எடை இரண்டு ராத்தல் கூடியிருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில் சுடலைமாடத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "யாருக்கா போயிட்டாவ?" என்று கேட்டாள். யாரும் போகவில்லை, என் தங்கச்சி சுவர் பூசப்போகிறாள் என்றேன். "அதுக்கு எதுக்கு ஒரு கடுதாசி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபப்பட்டாள். அவளுக்கு அடுத்த வாரம் விடுதலை. ஆனால் கேட்டைத் தாண்டி அவள் போக மாட்டாள். வீட்டில் சேர்க்க மாட்டோம் என்று அண்ணன்காரன் சொல்லிவிட்டான். வாசலில் ஒரு அம்மா டீக்கடை போட்டிருக்கிறாள். அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டு பின்னால் படுத்துக்கொள்வாளாம். இங்கே அப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். குணமானவர்கள்தான். போக இடமில்லை.

அதனால்தான் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு ஒரு அறை தயாராகிறது என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னலை மட்டும் எப்படியாவது திற.

பொங்கலுக்குப் பேச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று உன் அத்தான் எழுதியிருந்தார். வரவில்லை. கடையில் ஆள் இல்லை போலிருக்கிறது. குழந்தைக்கு இந்த மாசியில் நாலு வயது முடிகிறது.

கையைப் பார்த்துக்கொள். நீ பேனா பிடித்தவள்.

அக்கா ஆறுமுகத்தாய்

*

தூத்துக்குடி
14.4.1974

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வெயில் காலத்தில் தேவலை. உன் எடை இன்னும் கூடியிருக்கும் என்று நம்புகிறேன்.

சுவர் பூசி முடித்துவிட்டேன். சிமெண்டால்! பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டைகூடக் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தாசில்தாருக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் பேச நா எழவில்லை. தாளை மட்டும் நீட்டினேன். கிளார்க் இரண்டு தடவை படித்தார்.

"யாரும்மா எழுதித் தந்தது? வக்கீலா?"

"நானே எழுதினேன் சார்."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கம் நிக்க? இந்தப் பக்கம்லா உக்காந்திருக்கணும்."

இரண்டு மூட்டை கொடுத்தார்கள். ஒன்றை அப்பா வண்டியில் ஏற்ற விடாமல் தானே தோளில் தூக்கிவந்தார். "எம்மவ இங்கிலீஷ்ல எழுதி வாங்கினது" என்று தான் வேலை பார்க்கிற ஹார்பர் சரக்குக் கிட்டங்கியில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க ஒன்பது நாள் ஆனது. எப்படிப் பூசுவது என்று ஒரு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதலில் அள்ளி வீசிய சாந்தில் பாதி என் காலில்தான் விழுந்தது. பிறகு மணிக்கட்டைச் சுண்டி எறியப் பழகிவிட்டேன். தார் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றுதான் உச்சி வரை பூசினேன். இப்போது சுவர் சிலேட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஜன்னலும் திறந்துவிட்டது. கட்டிலில் படுத்தால் துறைமுகத்துக் கிரேனின் உச்சி தெரியும்.

தேதி சொன்னதும் எழுது. நான் பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிவருகிறேன்.

வடிவு

*

பெண்கள் வார்டு
5.5.1974

அன்புள்ள வடிவு,

எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். உனக்கு ஒரு நல்ல செய்தி. சளிப் பரிசோதனை இரண்டு தடவையும் சுத்தமாக வந்துவிட்டது. இனி யாருக்கும் என்னால் ஆபத்தில்லை என்று டாக்டர் என் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜூன் பத்தாம் தேதி அனுப்புகிறார்கள்.

ஆபரேஷனில் விலா எலும்பு எடுத்த பக்கம் கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. துணி போடும் கொடியைத் தாழக் கட்டு. வேறு ஒன்றும் வேண்டாம். அங்கே வந்த பிறகு பேச்சியைக் கேட்டு வாங்குவோம். சொந்தமாக ஒரு அறை இருக்கிறது என்றால் கேட்க வாய் வரும்.

சிலேட்டு மாதிரி என்று எழுதியிருந்தாய். ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் தெரிகிறது.

அக்கா

*

தூத்துக்குடி
19.5.1974

மகள் ஆறுமுகத்தாய்க்கு மந்திரமூர்த்தி எழுதிக்கொண்டது.

தாயி, நீ சௌக்கியமா இருக்கணும். இங்க எல்லாரும் சௌக்கியம். நான் எழுதுத மொத கடுதாசி இது. எழுத்துக் கோணலா இருக்கும். வடிவுட்ட எழுதச் சொல்ல முடியாத விசயம்.

வடிவுக்கு ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. உரக்கடை. பையன் பேரு சொரிமுத்து. படிச்ச பிள்ளைதான் வேணுங்கான், நகை கேக்கல. போன ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போனாவ. மூத்த பொண்ணு எங்கன்னு கேட்டாவ. எட்டயபுரத்துல புருசன் வீட்ல இருக்கான்னு சொல்லிட்டேன். சொல்லும்போது எனக்கு நாக்கு குழறல. அதுதான் எனக்கே பயமா இருந்துச்சு.

எட்டயபுரத்துல உனக்கு இடமில்லங்கது தெரியும். அங்கன வேற பொண்ணு பாக்காவன்னு கேள்வி. ஆனாலும் வடிவு கல்யாணம் முடியட்டும். ஆஸ்பத்திரிச் சீக்குன்னு தெரிஞ்சா ஒருத்தனும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான். அதுவரைக்கும் அங்கனயே இருக்க ஏற்பாடு பண்ணிக்கோ. டாக்டர் கால்ல விழுந்தாவது கேளு.

அந்த ரூமை உனக்குன்னுதான் அவ செஞ்சா. நான் தடுக்கல. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா படுக்க ஒரு ரூம் வேணும்லா, அதுக்கு ஆகும்னு விட்டுட்டேன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். படிச்சிட்டுக் கிழிச்சிரு. நல்லாச் சாப்பிடு தாயி.

*

பெண்கள் வார்டு
12.6.1974

அன்புள்ள வடிவு,

நலம். நேற்று முன்தினம் நீ பஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்திருப்பாயோ என்று பயமாக இருக்கிறது. போயிருந்தால் மன்னித்துக்கொள்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை. நீ இங்கே வர வேண்டாம். வயதுப் பெண் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோவது நன்றாக இருக்காது.

சுவர் நன்றாகக் காயட்டும். அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

தூத்துக்குடி
30.6.1974

அன்புள்ள அக்கா,

இங்கு நலம். உனக்குக் காய்ச்சல் ஏதும் திரும்பிவிடவில்லையே? மறைக்காமல் எழுது.

நான் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ இப்போது வரவில்லை என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே. சுவர் போய்விட்டது, அக்கா.

ஜூன் முதல் வாரமே கீழ்ப்பக்கம் வியர்த்தது. அப்புறம் அங்கங்கே கொப்புளம் மாதிரி எழும்பியது. தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம். ஒரு நாள் காலையில் தட்டு அகலத்துக்கு ஒரு வில்லை கழன்று, நீ படுக்க வேண்டிய கட்டில்மேல் விழுந்து கிடந்தது. அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு.

சிப்பிச் சுண்ணாம்பு விற்கிற ஜெபகனி அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தாள்.

"என்னளா, சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு?"

"சிமெண்டுக்கா."

"கடல் கல்லுலயா? எவன் சொன்னான்?"

"புஸ்தகத்துல இருந்தது."

"அதை எழுதினவனைக் கூட்டியா. இந்தக் கட்டில்ல ஒரு மாசம் படுக்கப் போடுவோம். ஏளா, கல்லுக்குள்ள கிடக்க உப்பு எங்கன போகும்? உன் சிமெண்டைத் தள்ளிக்கிட்டுத்தான் வரும். சிப்பிச் சுண்ணாம்புன்னா அதுபாட்டுக்கு வெளிய வந்து உதிரும். பெருக்கித் தள்ளிட்டுப் போயிரலாம்."

இந்தத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். நாம் ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள், நமக்குத் தெரியவில்லை. நான் வாய் திறந்து யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டேன். சிமெண்டோடு கல்லும் பெயர்ந்து வருகிறது. சுண்ணாம்பு வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. "எம்மவ எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை உக்காந்துட்டா. அவளைத் தேத்தி விடு, சுண்ணாம்பு நான் தாரேன்" என்றாள் ஜெபகனி அக்கா. தினமும் சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப்போட்டாகிவிட்டது. ஒரு மாதம் ஊறினால்தான் பூச முடியும்.

மே மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் வந்திருந்தார்கள். அப்போது சுவர் நன்றாக இருந்தது. பார்த்துப் பாராட்டினார்கள். வேறு விசேஷம் இல்லை.

வடிவு

*

பெண்கள் வார்டு
11.8.1974

அன்புள்ள வடிவு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நலமாகத்தான் இருக்கிறேன். உன் கை எப்படி இருக்கிறது? சுண்ணாம்பு பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு.

அவசரப்பட்டு எதையும் செய்யாதே. ஒரு மாதம் ஊறட்டும், இரண்டு மாதம் ஊறட்டும். நான் எங்கும் ஓடிவிடப்போவதில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் வந்தது பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். நல்ல இடமாக இருந்தால் சரி என்று சொல்லிவிடு. உனக்கு என்று ஒரு வீடு அமைய வேண்டும். அப்பா உனக்குக் கெடுதல் செய்ய மாட்டார்.

இன்லண்ட் தாளில் இடம் மிச்சம் இருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா

*

தூத்துக்குடி
15.9.1974

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலம். உன் கடிதம் கண்டேன். பதினைந்து வரிதான் இருந்தது, எண்ணினேன்.

இரண்டாம் பூச்சு முடிந்துவிட்டது. சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு இடித்து, மூன்று கை பூசினேன். ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சாம்பாரில் கை வைக்க முடியவில்லை. அம்மா மூன்று வேளையும் ஸ்பூன் தருகிறாள்.

இந்தத் தடவை நான் அவசரப்பட்டு எழுதவில்லை. பத்து நாளாக ஒவ்வொரு காலையும் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். ஈரம் இல்லை. அடியில் கொஞ்சம் உப்பு பூக்கிறது. துடைப்பத்தால் தட்டினால் போய்விடுகிறது. அறை உலர்ந்துவிட்டது, அக்கா. வெள்ளையாக இருக்கிறது. மத்தியானத்தில் விளக்கே வேண்டாம். கொடியையும் தாழக் கட்டிவிட்டேன். அம்மா அதில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டாள்.

அப்பா தினமும் வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

டாக்டரிடம் கேள். அறை தயார் என்று சொல். உடனே பதில் போடு.

வடிவு

*

2.10.1974

அன்புள்ள வடிவு,

நலம். நீ மூன்று கை பூசியது பற்றிப் படித்தேன். உன் அளவுக்கு எனக்காக யாரும் எதுவும் செய்ததில்லை.

ஆனால் நான் இப்போது வருவதாக இல்லை. சுடலைமாடத்தி ஒரு நல்ல இடமாகப் பார்த்துவைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி விட்டதும் கொஞ்ச நாள் அவளோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். இங்கே காற்று ஒத்துக்கொள்கிறது. கடல்காற்று எனக்கு ஆகாது என்று டாக்டரும் சொன்னார்.

உன் கல்யாணம் முடியட்டும். ஐப்பசியில் நிச்சயம் என்று கேள்விப்பட்டேன். அந்த அறையில் நீயும் மாப்பிள்ளையும் இருங்கள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

அக்கா

*

தூத்துக்குடி
17.10.1974

அன்புள்ள அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இதை வார்டுக்கு அனுப்பவில்லை. சுடலைமாடத்தி, டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல் என்று விலாசம் போட்டிருக்கிறேன். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உடம்பு எப்படி இருக்கிறது? கிளாஸ் கழுவும் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறாயா?

உன் முந்தைய கடிதங்களில் எல்லாம் ஆஸ்பத்திரித் தபால் நிலைய முத்திரை இருக்கும். கடைசிக் கடிதத்தில் பக்கத்து ஊர் திருமங்கலத்து முத்திரை. மேலே பெண்கள் வார்டு என்றும் எழுதவில்லை. உனக்குப் பொய் எழுத வராது, அக்கா. நான் எந்தக் கடிதத்திலும் ஐப்பசி நிச்சயம் பற்றி எழுதவில்லை. யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன். நம் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

அம்மாவிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்க அப்பா மே மாசமே எழுதிட்டாரு. நாலு நாளு உக்காந்து எழுதினாரு. போன மாசமும் ஒண்ணு போட்டாரு. நான் என்ன செய்ய?" என்றாள். அந்த அறை யாருக்கு என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மே மாதம் வந்தவர்கள் யார் என்று உனக்கு நான் எழுதவில்லை. அவர்கள் என்னைப் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பற்றிக் கேட்டபோது காபித் தட்டை ஏந்திக்கொண்டு நான் நிலைப்படியில் நின்றேன். "எட்டயபுரத்துல புருசன் வீட்ல இருக்கா, சௌக்கியமா இருக்கா" என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். தாசில்தாருக்கு ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தட்டை நீட்டினேன். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் உனக்கு நான் எழுதிய கடிதங்களில் சுவரைப் பற்றி மட்டும் எழுதினேன். அறையை ஒழுங்காக முடித்துவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அப்பாவுக்கு உன்மேல் பிரியம் என்று எழுதியதும் அப்படித்தான். எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதினேன்.

நேற்று சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அக்கா எங்கன இருக்கான்னு தெரியுமாப்பா?"

"ஆஸ்பத்திரில."

"இல்ல. வாசல்ல."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சோறு பாதி இலையில் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நானே போயிக் கூட்டியாரேன். சத்தியமா" என்றார். அவர் அழைத்து வந்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் என்னை எப்படி வைத்துக்கொள்வார்கள்? வாழ்நாள் முழுக்க உன்னை ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். பின்கட்டு அறை அதற்குத்தான் என்று ஆகிவிடும்.

மாப்பிள்ளை சொரிமுத்து என்பவரைப் பற்றி எனக்குக் கெட்டது ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அறையைப் பார்த்துவிட்டு, "இதை யாரு பூசினது?" என்று கேட்டார். என் கையைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. நல்ல மனிதராகவும் இருக்கலாம். அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி திரும்பவும் கூடிவிட்டது. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுவர் இன்னும் உலர்ந்தே இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தும் ஈரம் ஏறவில்லை.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்பதற்காக. முதல் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், கை ஓடவில்லை. வருகிற 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்ற அவர்கள் வருகிறார்கள். நீ சனிக்கிழமையே புறப்பட்டு வந்துவிடு. யார் தடுத்தாலும் முன்வாசல் வழியாகவே உள்ளே வா. அவர்கள் வரும்போது நீ அந்த அறையில், அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டை மடியில் வைத்துக்கொள். கதவை நான் திறந்துவைக்கிறேன். உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். பார்த்த பிறகும் தாம்பூலத்தை மாற்றினால் நான் கட்டிக்கொள்கிறேன். என்னால் சொல்ல முடியாததை எனக்காக நீ வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும், அக்கா. வருவாயா?

வடிவு